மழைப் பிரதேசத்தில் வீட்டுப் பூஞ்செடிகளைக் கத்தரித்தலும் பராமரித்தலும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், அதாவது கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில், வீட்டைச் சுற்றிச் செடி வளர்ப்பவர்களுக்கு, உள்நாட்டு ஜில்லாக்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட தோட்டக்கலைக் குறிப்புகள் பாதி அளவுக்குத்தான் பயன்படும். மதுரையிலோ திருச்சியிலோ ஒரு செடியைப் பேணுவதென்றால் பெரும்பாலும் அதற்குத் தண்ணீர் தேடுவதே வேலை; இங்கேயோ, வைகாசி நடுவில் தொடங்கி ஆனி, ஆடி மாதங்களில் பெய்யும் இடவப்பாதி மழையும், ஐப்பசி கார்த்திகையில் இடியோடு வரும் வடகிழக்குப் பருவமழையும் செடியை மாதக்கணக்கில் நனைந்த கோலத்திலேயே நிறுத்திவிடுவதால், தண்ணீரினின்றும் செடியைக் காப்பதே பிரதான காரியமாகிறது. குற்றாலச் சாரல் எட்டும் தென்காசிப் பக்கத்தாருக்கும், வால்பாறை, கூடலூர் முதலிய மலையூர்களில் வசிப்போருக்கும் இவ்வத்தியாயத்தில் சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி பொருந்தும். மாதங்களை மட்டும் அவரவர் ஊர் மழைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

மழை மிகுந்த இடத்தில் கத்தரிப்பின் முதல் நோக்கம் உருவ அழகு அன்று. இலை விரைவில் உலர்வதற்கு வழி செய்வதே அதன் நோக்கம். பூசண வித்துக்கள் காற்றில் எந்நாளும் மிதந்துகொண்டுதான் இருக்கின்றன என்றாலும், இலையின்மேல் நீர்ப்படலம் சில மணி நேரமாவது இடைவிடாமல் தங்கினாலன்றி, அவற்றுள் பெரும்பாலானவை முளைத்து இலைக்குள் புக இயலாது. ஆகவே, ஒரே மழையில் நனைந்த இரண்டு செடிகளுள், காற்றும் வெயிலும் ஊடுருவும்படி விரிந்து நிற்கும் செடி மழை விட்ட சிறிது நேரத்தில் உலர்ந்து பிழைத்துக்கொள்ள, நெருங்கிப் பின்னிக் கிடக்கும் செடி அடுத்த மழை வரும்வரை ஈரத்தைச் சுமந்து நின்று இலைப்புள்ளிக்கும் நுனிக்கருகலுக்கும் இடங்கொடுக்கிறது. இரண்டும் ஒரே நாற்றங்காலில் வாங்கியவையாகவும், ஒரே எரு இட்டவையாகவும் இருக்கலாம். வித்தியாசம் உள்ளே நடமாடும் காற்றில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டுச் செடி எந்த நிலையில் இருக்கிறது என்று அறிவதற்கு ஒரு சுலபமான பரீட்சை உண்டு. மழை நின்று ஒரு மணி நேரம் கழிந்தபின், கையைச் செடியின் நடுப்பாகத்திற்குள் விட்டு அங்கேயுள்ள இலைகளைத் தொட்டுப் பாருங்கள். வெளி இலைகள் உலர்ந்திருக்க, உள் இலைகள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தாலும், உள்ளே இலையே இல்லாமல் காய்ந்த குச்சிகளும் பாசி பிடித்த கிளைகளுமாகக் கைக்குத் தட்டுப்பட்டாலும், அந்தச் செடி கத்தரிக்காகக் காத்திருக்கிறது என்று கொள்ளலாம். கிளையில் படரும் பாசி செடியைத் தின்பதில்லை. அதைச் சுரண்டி எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்த இடத்தில் வெளிச்சமும் காற்றும் போதவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம். அந்த அளவில் அது நமக்கு உபகாரமே செய்கிறது.

எப்போது வெட்டுவது என்பதே இங்கு எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. வெட்டு என்பது செடிக்கு ஒரு காயம். அக்காயம் உலர்ந்து மூடிக்கொள்ள அதற்குச் சில நாட்கள் வேண்டும். அடைமழையின் நடுவில் வெட்டினால், காயம் உலர்வதற்கு முன்பே பூசணம் அதன் வழியாக இறங்கி, நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கிளையைக் கறுக்கச் செய்துவிடுகிறது. ஆகையால் நம் பகுதியில் வருஷத்தின் கத்தரிப்பு வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. சித்திரைக் கடைசியில், இடவப்பாதிக்குச் சில வாரம் முன்னதாக, செடியின் உயரத்தைக் குறைக்காமல் உள்ளே நெருங்கிய கிளைகளை மட்டும் அடியோடு எடுத்துத் திறந்துவிட வேண்டும். மார்கழிக் கடைசியிலோ தையிலோ, வடகிழக்கு மழை தீர்ந்து வானம் வெளுத்தபின், உயரத்தையும் படர்ச்சியையும் தாராளமாகக் குறைக்கலாம். இடைப்பட்ட ஆவணி, புரட்டாசியில் மழை சற்று ஓய்ந்திருக்கும்போது, மிஞ்சி நீண்ட கொப்புகளின் நுனியைக் கிள்ளுவதோடு நின்றுவிட வேண்டும். அப்போது ஆசைப்பட்டு ஆழமாக வெட்டினால், புறப்படும் இளந்தளிர் முழுவதும் ஐப்பசி மழையில் அகப்பட்டுக்கொள்ளும். ஒடிந்த கிளை, பட்டுப்போன குச்சி, அழுகல் கண்ட நுனி ஆகியவற்றுக்கு மட்டும் மாதக் கணக்குக் கிடையாது. கண்ட அன்றே அகற்ற வேண்டியதுதான். தேதியைக் காட்டிலும் வானத்தைப் பார்ப்பதே உத்தமம்: இரண்டு மூன்று நாள் வெயில் இருக்கும் என்று தோன்றினால், காலையில் பனியும் ஈரமும் உலர்ந்தபின் வேலையைத் தொடங்கி, வெட்டுவாய்கள் அன்று மாலைக்குள் காயும்படி உச்சிப்பொழுதுக்கு முன்னதாகவே முடித்துக்கொள்ளலாம்.

இந்தத் திறத்தல் வேலையைச் செம்பருத்தியில் வைத்துப் பார்த்தால் நன்றாக விளங்கும். ஏனெனில் நம் பகுதியில் அது இல்லாத வீடு அரிது, அது மழையில் கொழுத்து வளர்வதுபோல் வேறு செடி வளர்வதும் அரிது. நான்கைந்து வருஷம் கைபடாத செம்பருத்தி ஆளுயரத்துக்கு மேல் ஓங்கி, அடியிலிருந்து பல தண்டுகளாகப் பிரிந்து, ஒன்றையொன்று உராய்ந்துகொண்டு நிற்கும். முதலில் தரையில் குந்தி, அடியிலிருந்து மேல்நோக்கிப் பாருங்கள். நின்றபடி மேலிருந்து பார்ப்பவருக்கு இலை தெரியுமேயன்றிக் கிளைகளின் கட்டு தெரியாது. பட்டுப்போனவற்றை முதலில் எடுங்கள். தோலை நகத்தால் இலேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரியாத குச்சி செத்த குச்சி. அடுத்து, இரண்டு கிளைகள் குறுக்கிட்டு உராயும் இடத்தில் பட்டை தேய்ந்து புண்ணாகியிருக்கும். அவ்விரண்டில் உட்புறம் நோக்கிச் செல்வதை எடுத்து, வெளிப்புறம் நோக்கிச் செல்வதை விட்டுவிட வேண்டும். அதன்பின், மிகவும் பழையதாகத் தடித்து, நுனியில் மட்டும் நாலு இலையோடு நிற்கும் தண்டுகளில் ஒன்றையோ இரண்டையோ தரைமட்டத்திற்குச் சற்று மேலே ரம்பத்தால் அறுத்துவிட்டால், அந்த இடத்திலிருந்து புதுத் தண்டு கிளம்பும். ஒரே வருஷத்தில் எல்லாப் பழந்தண்டையும் அறுக்கலாகாது. ஒரு தடவையில் செடியின் மொத்தக் கிளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமலிருப்பது க்ஷேமம். இவ்வாறு மூன்று வருஷத்தில், செடி பூப்பதை ஒருநாளும் நிறுத்தாமலேயே, அதை முழுவதும் புதுப்பித்துவிட முடியும்.

தையில் செய்யும் குறைப்பும் செம்பருத்திக்கு அச்சமின்றிச் செய்யத்தக்கதே. அது புதுக்கொப்பின் இலைக்கக்கங்களில் பூக்கும் சுபாவமுடையதாகையால், எவ்வளவு புதுக்கொப்பு வருகிறதோ அவ்வளவு பூவும் மிகுதி. ஆனால் தைக்குப் பின்வரும் வறண்ட மாதங்களில் மாவுப்பூச்சி அந்த இளந்தளிரைத்தான் முதலில் தேடி வரும். மழை அதை ஓரளவு அடித்துக்கொண்டு போவதால், ஆடியில் காணாத பூச்சியை மாசியில் கண்டு திகைப்பவர் பலர். எறும்பு வரிசையாகத் தண்டில் ஏறுவது பூச்சி வந்ததற்கு முதல் அறிகுறி. பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. மாவு கண்ட நுனிகளைக் கிள்ளி எரித்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயும் அது கலப்பதற்குச் சிறிது காதி சோப்புக் கரைசலும் சேர்த்து மாலை வேளையில் தெளித்தால் போதும். செடியின் கொப்பு எதுவும் சுவரில் சாய்ந்து எறும்புக்குப் பாலம் அமைத்துக்கொடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, வெட்டும் விதம். ஒரு கொப்பின் நுனிமொட்டு, தான் சுரக்கும் ஒருவகை வளர்ச்சி ரசத்தினால், கீழேயுள்ள கக்கமொட்டுகளை உறங்க வைத்திருக்கிறது. நுனியை வெட்டியதும் அந்த அடக்குமுறை நீங்கி, வெட்டுக்குக் கீழே அடுத்துள்ள மொட்டு விழித்து வளர்கிறது. ஆகவே எந்த மொட்டுக்கு மேல் வெட்டுகிறோமோ, அது பார்க்கும் திசையில்தான் புதுக்கிளை போகும். வெளிப்புறம் பார்க்கும் மொட்டைத் தேர்ந்துகொண்டால் செடி தானாகவே திறந்துகொள்ளும். செம்பருத்தி, ரோஜாவைப்போல இலைகள் மாறி மாறி அமைந்த செடிகளில், மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, மொட்டின் பக்கம் உயர்ந்தும் எதிர்ப்பக்கம் தாழ்ந்தும் சரிவாக வெட்டினால், மழைநீர் மொட்டின்மேல் வழியாமல் மறுபுறம் இறங்கிவிடும். இட்லிப்பூவிலும் நந்தியாவட்டையிலும் இலைகள் எதிரெதிரே இணையாக இருப்பதனால் நேராக வெட்டுவதே வழக்கம். ஆனால் மழையூரில் அதிலும் இலேசான சரிவு கொடுப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம், தட்டையான வெட்டுவாயில் நீர் தேங்கி நிற்கும் என்பதனால். அரளியில் கணுவுக்கு மூன்று இலை. ஒரு வெட்டுக்கு மூன்று கொப்பு வருமாகையால், அதை எளிதில் அடர்த்தியாக்கலாம், அதே காரணத்தால் எளிதில் நெருக்கியும் கெடுத்துவிடலாம். கிளையை அடியோடு எடுக்கும்போது, அது தண்டோடு சேருமிடத்தில் மோதிரம்போல் தடித்திருக்கும் கழுத்துப் பாகத்தைச் சேதப்படுத்தாமல், அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். காயத்தை மூடும் சதை அங்கிருந்துதான் வளர்கிறது. நீளமான முண்டு விட்டாலும் அது அழுகும்.

வெட்டரிவாளால் கொத்துவதைப் போன்ற தீமை பூஞ்செடிக்கு வேறொன்றில்லை. பட்டை சிதறி நார் நாராகத் தொங்கும் காயம் ஒரு பருவம் முழுதும் ஆறாது. விரல் பருமன் வரையுள்ள கொப்புக்கு நல்ல தோட்டக் கத்தரியும், அதற்கு மேற்பட்டதற்குச் சிறு ரம்பமுமே போதுமானவை. நோய் கண்ட செடியில் பட்ட கத்தரியை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்த பின்னரே அடுத்த செடியில் வைக்க வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் இரும்பு ஒரே இரவில் துருவேறுமாதலால், வேலை முடிந்ததும் உலரத் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவி வைக்கும் வழக்கம் அவசியமானது.

விரல் பருமனுக்கு மேற்பட்ட காயங்களுக்கு மருந்து பூச வேண்டும். இதில் நம் மாவட்டத்தார் பிறரிடம் கேட்டறிய வேண்டியது ஒன்றுமில்லை. ரப்பர்த் தோட்டங்களில் மழைக்காலத்தில் கவைகளைத் தாக்கும் இளஞ்சிவப்பு நோய்க்குப் பூசும் அதே போர்டோ பசைதான். பிரான்ஸ் தேசத்துப் போர்டோ நகரைச் சார்ந்த திராட்சைத் தோட்டங்களில், வழிப்போக்கர் பழத்தைப் பறிக்காதிருக்கும்பொருட்டுச் சாலையோரக் கொடிகளின்மேல் துத்தமும் சுண்ணாம்பும் தெளித்திருந்ததையும், அக்கொடிகள் மட்டும் அடிச்சாம்பல் நோய்க்குத் தப்பி நின்றதையும் மில்லார்தே என்ற தாவர சாஸ்திரி கவனித்து, ஆராய்ந்து, 1885இல் இம்மருந்தை உலகுக்கு அறிவித்தார். ஒரு வீட்டுத் தோட்டத்திற்கு வேண்டிய பசையைச் செய்ய, துருசு என்று நம் பக்கத்தில் வழங்கும் மயில்துத்தம் 100 கிராமைப் பொடித்து அரை லிட்டர் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். வேறொரு பாத்திரத்தில் நல்ல நீற்றாத சுண்ணாம்பு 100 கிராமைச் சிறிது சிறிதாகத் தண்ணீர் தெளித்து நீற்றி, அரை லிட்டராக்கி வடிகட்டிக்கொள்ளுங்கள். சூடு ஆறியபின், துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெல்ல ஊற்றி, மரக்கோலால் விடாது கலக்க வேண்டும். பாத்திரங்கள் மண்ணாலோ பிளாஸ்டிக்காலோ ஆனவையாக இருக்க வேண்டும். இரும்பும் தகரமும் ஆகா. நன்கு தீட்டிய கத்தியின் முனையை ஒரு நிமிஷம் கலவையில் வைத்து எடுத்துப் பாருங்கள்: முனையில் செம்புநிறப் படிவு கண்டால் துத்தம் மிகுந்திருக்கிறது, இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும் என்று பொருள், கத்தி வெளுப்பாகவே வந்தால் பசை தயார். நீலவானத்தின் நிறமுள்ள அந்தப் பசையைத் தூரிகையால் காயத்தின்மீதும் அதன் ஓரப் பட்டைமீதும் பூசி, காய விட வேண்டும். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றே செய்துகொள்ள வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் வீரியம் குறைந்துவிடும். இதே 100 கிராம் அளவுகளைத் தனித்தனியே ஐந்து லிட்டரில் கரைத்துக் கலந்தால், இலையின் இருபுறமும் தெளிப்பதற்கான பத்து லிட்டர் கலவையாகும். இடவப்பாதிக்கு முன் ஒருமுறை, செடியைத் திறந்துவிட்ட கையோடு, வெயில் நாளில் தெளிப்பது நல்ல காப்பு. துத்தம் விஷமாதலால் கையுறை இன்றித் தொடலாகாது. குழந்தைகள் கைக்கு எட்டவும் வைக்கலாகாது.

மல்லிகை இனத்திற்குக் கத்தரிப்பே ஜீவநாடி. பொதுவாகக் குண்டுமல்லியைக் கார்த்திகை நடுவில், அதாவது நவம்பர் கடைசி வாரத்திலும், பிச்சியை டிசம்பர் கடைசியிலும், முல்லையை ஜனவரி கடைசியிலும், தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை அடி உயரம் விட்டு வெட்டச் சொல்வது தோட்டக்கலைத் துறையாரின் வழக்கம். பிச்சிக்கும் முல்லைக்கும் அந்தக் கணக்கு நமக்கும் சரியாகவே அமைகிறது. குண்டுமல்லிக்கோ நவம்பர் என்பது தோவாளை போன்ற மழை குறைந்த கிழக்குப் பக்கத்தில் சில வருஷம் ஒத்துவந்தாலும், மார்த்தாண்டம், குலசேகரம் பக்கங்களில் பெரும்பாலும் மழைக்கு நடுவே விழும். இங்குள்ளவர்கள் சில வாரம் பொறுத்து மார்கழியில் வெட்டுவதனால் முதற்பூ சற்றுத் தாமதமாகலாம். செடி பிழைத்திருப்பதை எண்ணினால் அது நஷ்டமன்று. வெட்டியபின் எஞ்சிய இலைகளையும் உருவிவிட்டு, தூரைச் சுற்றிக் கொத்தி எரு இட்டு நீர் பாய்ச்ச வேண்டும்.

இட்லிப்பூ கொப்பின் நுனியில் பூக்கும் செடி. வேலியாக வைத்துப் பெரிய கத்தரியால் வாரந்தோறும் சமன் செய்துகொண்டே இருந்தால், நுனி நிலைப்பதேயில்லை, பூவும் காண முடியாது. ஆகவே ஒரு பூப்பு முடிந்து கொத்துகள் உதிர்ந்தவுடன், கொத்துக்குக் கீழே இரண்டு கணு விட்டுக் கிள்ளுவதே அதற்குரிய மரியாதை. காகிதப்பூவோ நீரைக் கண்டால் இலையும், வறட்சியைக் கண்டால் பூவும் தரும். மழையில் அது முள்ளோடு விடும் நீண்ட நீர்க்கொப்புகளை மழை ஓய்ந்ததும் பாதியாகக் குறைத்து, பின்பு தண்ணீரையும் குறைத்துவிட்டால், பக்கக்கொப்புகளில் வேனில் முழுவதும் நிறம் காட்டும். பவழமல்லியைப் பூ முடிந்தபின் வெட்டினால் போதும். குரோட்டன்ஸைப் பற்றி விசேஷமாகச் சொல்வதற்கில்லை. அதன் பால் துணியில் பட்டால் கறை போகாது என்பதை மட்டும் நினைவில் வைக்கலாம். ரோஜா தனி அத்தியாயத்திற்கு உரியது.

வேலிச்செடிகளில் பெரும்பாலோர் செய்யும் பிழை, மேற்புறத்தை அகலவிட்டு அடியைக் குறுக்குவது. மேலே அகன்ற வேலியின் அடிப்பாகம் நிழலில் இலையிழந்து குச்சியாகிவிடும். அடி அகன்றும் உச்சி குறுகியும் இருக்குமாறு சரிவாக வெட்டினால், வெயிலும் கீழ்வரை எட்டும், மழைநீரும் பக்கங்களில் வழிந்து உலரும். எந்நேரமும் கத்தரிபடும் வேலியின் மேல் ஓர் இலைக்கூடு உண்டாகி, உள்ளே இருட்டும் ஈரமும் குடிகொள்வதனால், சித்திரையில் கையை உள்ளே விட்டு ஆங்காங்கே சில கொப்புகளை ஒரு முழ ஆழத்தில் வெட்டியெடுத்துச் சிறு சாளரங்கள் அமைப்பது இன்றியமையாதது. வீட்டையொட்டிய எந்தப் புதரானாலும் தரையிலிருந்து ஓரடி உயரம் வரை கொப்பும் இலையும் இன்றித் தூக்கிவிட வேண்டும். மழைக்காலத்தில் பாம்பு ஒதுங்குமிடம் அதுவே. மேலும், மழைத்துளி தரையில் அறைந்து தெறிக்கும் சேற்றோடு நோய் வித்துக்களும் முதலில் ஒட்டுவது அந்தக் கீழ் இலைகளில்தான்.

இலைக்குச் சொன்னதே வேருக்கும் பொருந்தும். மழையில் இலை மஞ்சளிப்பதைக் கண்டதும் சத்துக் குறைவென்று எண்ணி உரம் இடுவோர் அநேகர். பெரும்பாலும் அது நீர் தேங்கியதனால் வேருக்குக் காற்றுக் கிட்டாமல் வரும் மஞ்சளாகவே இருக்கும். தூரைச் சுற்றிக் குழியாகக் கிடக்கும் கோடைக்காலப் பாத்தியை இடவப்பாதிக்கு முன் உடைத்து, மண்ணை அணைத்து மேடாக்கி, நீர் வெளியேற ஒரு சிறு வாய்க்கால் இழுத்துவிட்டால், மருந்தின்றியே பச்சை திரும்பும். இறவாணத் தண்ணீர் கொட்டும் கோட்டில் செடி வைக்கலாகாது. முன்பே வைத்தாகிவிட்டதென்றால், தேங்காய் உரிமட்டைகளைக் குழிப்பக்கம் கீழாகக் கவிழ்த்து அடுக்கினால் மண் அரிப்பும் தெறிப்பும் அடங்கும். நிமிர்த்தி வைத்தால் ஒவ்வொன்றிலும் கொசு முட்டையிடும். மூடாக்கு இடுவது நல்லதேயாயினும், தண்டைத் தொடாமல் நான்கு விரல் விலக்கி இட வேண்டும். ஈரமான சருகு தண்டை ஒட்டிக் கிடந்தால் பட்டை அழுகும். பெருமழையில் இடும் உரம் கரைந்து ஓடைக்குப் போகுமாகையால், எருவோ உரமோ எதுவாயினும், மண் ஈரமாகவும் வானம் தெளிவாகவும் உள்ள ஆவணியிலும் தையிலும் இடுவதே பயன் தரும்.

சமையலறைக்கு அருகே நிற்கும் கறிவேப்பிலைக்குத் தினசரிப் பறிப்பே கத்தரிப்பு. கன்று ஒரு மீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டு, ஐந்தாறு கிளை அமையச் செய்தால் கைக்கெட்டும் உயரத்திலேயே தழைக்கும். பிறகு இலையை மட்டும் உருவி எடுக்காமல், கொப்பாக ஒடித்தெடுக்க, ஒடித்த இடத்தில் இரண்டு கொப்பு வரும். வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகளைப் பெயர்த்து வேறிடத்தில் நடலாம். உண்ணும் இலையாதலால் இதன்மேல் போர்டோ கலவையைத் தெளிக்கலாகாது. தடித்த கிளையை வெட்டிய காயத்தில் பசை பூசுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வெட்டியவற்றை அங்கேயே போட்டுவிட்டுப் போவது பாதி வேலை செய்ததற்குச் சமம். புள்ளி விழுந்த இலையும் கறுத்த கொப்பும் தூரிலேயே கிடந்தால், அடுத்த மழையில் அதே செடிக்கு நோய் திரும்பும். அவற்றைக் கூட்டி அப்புறப்படுத்தி, உலர்ந்தபின் எரிக்க வேண்டும். அரளியையும் தங்க அரளியையும் மட்டும் எரிக்கலாகாது. அவற்றின் எல்லாப் பாகங்களும் விஷம். புகையும் தீங்கு செய்யும். ஆடு மாடு எட்டாத இடத்தில் ஆழப் புதைத்துவிட்டு, கையையும் கத்தரியையும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். நோயற்ற கொப்புகள் வீணாக வேண்டியதில்லை. சித்திரைக் கடைசியில் எடுத்த செம்பருத்தி, நந்தியாவட்டை, குரோட்டன்ஸ் கொப்புகளில் பென்சில் பருமனுள்ளவற்றைத் தேர்ந்து, ஒரு சாண் நீளத்திற்கு நறுக்கி, மேலே இரண்டு இலை மட்டும் வைத்து, இரண்டு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி மணல் கலந்த மேட்டுப்பாத்தியில் நிழலில் ஊன்றி, மழை தொடங்கும்வரை கையால் நீர் தெளித்துவந்தால், இடவப்பாதி ஈரத்தில் வேர்விட்டு, ஆவணியில் பெயர்த்து நடத் தயாராகிவிடும்.